எருமைனாவும் சுகுமார் ராயும்



இந்த மாத சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதும் வேலை எனக்கு வந்தது. காந்தி, காமராஜர், கலாம், அன்னை தெரசா எல்லாரையும் மற்ற வகுப்புக்காரர்கள் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு ஆளே மிச்சம் இல்லை. அப்போதுதான் எங்க டீச்சர் ஒரு வங்காளிப் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினாங்க. அவங்க வீட்டுக்காரர் முன்னாடி கல்கத்தாவில் வேலை பார்த்தவர். அவர் வாங்கி வைத்திருந்த புத்தகம் அது.

எங்களுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. படம் மட்டும்தான் பார்த்தோம். மதிய சாப்பாட்டு நேரத்தில் நாங்க ஐந்து பேரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தோம். ஒரு படத்தில் வாத்து மாதிரி ஒன்று, உடம்பெல்லாம் முள்ளு முள்ளா நிற்குது. ஒருத்தி, அது வேலிக்காத்தான் முள்ளுக்குள்ள விழுந்து எழுந்து வந்த வாத்துன்னு சொன்னாள். இன்னொருத்தி, இல்லை, காலையில் தலை சீவாமல் பள்ளிக்கூடம் வந்த வாத்துன்னு சொன்னாள். அடுத்து யானைத் தலையும் மீன் வாலும் உள்ள ஒரு மிருகம். அது எங்கே குடியிருக்கும், காட்டிலா கடலிலா என்று பெரிய சண்டையே வந்தது. கடைசியில் சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறி, சோறு எல்லாம் சிந்திப் போச்சு.

இந்தப் படங்களை வரைந்தவர் யார் என்று டீச்சரிடம் கேட்டோம். அவர்தான் சுகுமார் ராய். சத்யஜித் ரே என்ற சினிமா டைரக்டரைப் பொது அறிவுப் பகுதியில் படித்திருப்பீர்கள். அவருடைய அப்பா இவர். ராய், ரே இரண்டும் ஒரே குடும்பப் பெயர்தான். இவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் நம்ம வேப்ப மரத்தடியில் எங்களைச் சிரிக்க வைத்துவிட்டார். அதனால் இவரைப் பற்றியே எழுதுகிறேன்.

பிறப்பும் குடும்பமும்

சுகுமார் ராய் 1887-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். அப்பா பெயர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. அம்மா பெயர் விதுமுகி. அண்ணன் தங்கைகள் என்று வீடு நிறையப் பிள்ளைகள். மூத்தவர் அக்கா சுகலதா. அடுத்தவர் சுகுமார்.

இந்த வீட்டில் எல்லாருமே கெட்டிக்காரர்கள். அப்பா குழந்தைகளுக்குக் கதை எழுதுவார், படம் வரைவார், வயலின் வாசிப்பார், அச்சு வேலையும் செய்வார். அம்மாவின் சிற்றன்னை காதம்பினி கங்குலி. இந்தியாவில் முதன்முதலாக 1883-ல் பட்டம் வாங்கிய இரண்டு பெண்களில் ஒருவர் இவர். அப்புறம் டாக்டராகவும் ஆனார். அந்தக் காலத்தில் ஒரு பெண் டாக்டர் வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாணவிகள் நாம் யோசித்துப் பார்க்கணும்.

சின்ன வயதில் சுகுமார் தம்பி தங்கைகளைக் கூட்டி வைத்து, அப்பாவின் தடிப் புத்தகத்தில் இருக்கும் மிருகப் படங்களைக் காட்டிக் கதை சொல்வாராம். புத்தகத்தில் உள்ள மிருகங்கள் தீர்ந்து போனால் நிறுத்த மாட்டார். புத்தகத்தில் இல்லாத மிருகங்களைத் தானே உண்டாக்குவார். ஆடி ஆடி நடக்கும் குண்டு மிருகம் ஒன்று. கழுத்தைத் தானே முடிச்சுப் போட்டுக் கொள்ளும் ஒல்லி மிருகம் ஒன்று. இருட்டு மூலையில் வௌவால் மாதிரி சுவரில் தொங்கும் மிருகம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அவருடைய தங்கை புண்யலதா பெரியவரான பிறகு சின்ன வயது நினைவுகளை ஒரு புத்தகமாக எழுதினார். அதனால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

கோபம் செய்யும் விளையாட்டு

அதே தங்கை இன்னொரு விளையாட்டையும் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு யார் மேலாவது கோபம் வந்து, திருப்பி ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தால், சுகுமார் எல்லாரையும் கூப்பிட்டுக் கோபம் செய்யலாம் வாங்க என்பாராம். பலகாரம் செய்வது மாதிரி கோபம் செய்வது! அந்த ஆளுக்கு என்னென்ன நடந்தது என்று ஆளுக்கு ஒரு வேடிக்கையான கதை கட்ட வேண்டும். நடக்கவே முடியாத கதையாக இருக்கணும். கெட்ட எண்ணம் கலக்கக் கூடாது. கதை வளர வளர எல்லாரும் சிரிக்க ஆரம்பிப்பார்கள். சிரித்து முடிக்கும்போது கோபம் எங்கே போச்சுன்னே தெரியாதாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கல்லூரியும் கையெழுத்துப் பத்திரிகையும்

சுகுமார் சிட்டி ஸ்கூலில் படித்து, பிறகு பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். 1906-ல் இயற்பியல், வேதியியல் இரண்டு பாடத்திலும் ஆனர்ஸ் பட்டம் வாங்கினார். விளையாட்டுத்தனமாகப் படம் போடுகிறவர் படிப்பில் சுமார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கல்லூரி முடிந்ததும் நண்பர்களையும் உறவுக்காரர்களையும் சேர்த்து நான்சென்ஸ் கிளப் என்று ஒன்று ஆரம்பித்தார். பெயரே அப்படித்தான்! இந்தச் சங்கத்துக்காக வேடிக்கை நாடகங்கள் எழுதி நடித்தார். இதற்கு ஒரு பத்திரிகையும் இருந்தது. அது அச்சடித்த பத்திரிகை இல்லை. நம்ம சுவர் இதழ் மாதிரியே கையால் எழுதியது! பெயருக்கு அர்த்தம் முப்பத்திரண்டரை வறுவல். கல்கத்தா தெருவில் விற்கும் மிக்சர் மாதிரியான தீனியின் பெயராம். நம்ம இதழைப் பார்த்து, கையால் எழுதுவதை யார் படிக்கப் போறாங்க என்று சொல்பவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

இங்கிலாந்துப் பயணம்

அப்பா உபேந்திரகிஷோர் 1895-ல் ஒரு அச்சுத் தொழிலை ஆரம்பித்திருந்தார். அதன் பெயர் யு. ராய் அண்ட் சன்ஸ். நியூஸ் பேப்பரில் வரும் போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். கறுப்பு இடத்தில் பெரிய புள்ளி, வெளுப்பு இடத்தில் குட்டிப் புள்ளி. இந்த முறைக்கு ஹாஃப்டோன் என்று பெயர். இதில் அந்தப் புள்ளிகள் எப்படி விழ வேண்டும் என்று கணக்குப் போட்டு ஆராய்ந்தவர் உபேந்திரகிஷோர். கல்கத்தாவில் இருந்தே அவர் எழுதி அனுப்பிய கட்டுரைகள் இங்கிலாந்தில் அச்சுத் தொழிலுக்கான ஆண்டு இதழில் வந்தன.

அப்பாவின் தொழிலை நன்றாகக் கற்றுக்கொள்ள சுகுமார் 1911-ல் உதவித்தொகை வாங்கிக் கொண்டு கப்பல் ஏறினார். லண்டனிலும் மான்செஸ்டரிலும் போட்டோ, பிளாக் செய்தல், கல்லச்சு எல்லாம் படித்தார். அங்கே ரவீந்திரநாத் தாகூரையும் சந்தித்தார். தாகூர் இவரை விட 26 வயது மூத்தவர், அப்பாவின் நண்பர். 1913-ல் சுகுமார் ஊர் திரும்பினார். அந்த வருஷமே சுப்ரபா என்பவரைத் திருமணம் செய்து கொண்டார்.

அதே 1913-ல்தான் அப்பா குழந்தைகளுக்காக சந்தேஷ் என்ற மாத இதழைத் தொடங்கினார். நாம் தமிழில் சந்தேசம் என்றால் செய்தி என்கிறோம் அல்லவா? வங்காளத்தில் அதற்குச் செய்தி என்றும் அர்த்தம், பாலில் செய்யும் ஒரு இனிப்பு என்றும் அர்த்தம். ஆக, படித்தாலும் இனிக்கும்! 1915 டிசம்பரில் அப்பா இறந்து போனார். அதன் பிறகு இதழையும் அச்சகத்தையும் நடத்தும் பொறுப்பு சுகுமார் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 28.

கிச்சடியில் பிறந்த மிருகங்கள்

நாங்க பார்த்த முள் வாத்து சந்தேஷ் இதழில் 1915-ல் வந்த ஒரு பாட்டுக்கான படம். பாட்டின் பெயர் கிச்சுரி, அதாவது நம்ம கிச்சடி. இரண்டு மிருகங்களைச் சேர்த்துக் கிண்டிய கிச்சடி. எப்படிக் கிண்டினார் என்பதை டீச்சர் விளக்கினாங்க. கவனமாகப் படியுங்கள், இதுதான் ரொம்ப நல்ல இடம்.

வங்காளத்தில் ஹாத்தி என்றால் யானை. திமி என்றால் திமிங்கிலம். ஹாத்தி எதில் முடிகிறது? தி. திமி எதில் தொடங்குகிறது? அதே தி. இரண்டையும் ஒட்டினால் ஹாத்திமி! பக் என்றால் கொக்கு, கச்சப் என்றால் ஆமை. ஒட்டினால் பகச்சப்! கொக்குத் தலை, ஆமை ஓடு. வாத்தும் முள்ளம்பன்றியும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டன. சும்மா இரண்டு மிருகத்தை வெட்டி ஒட்டவில்லை. முதலில் பெயர் ஒட்டுது, அதன் பிறகுதான் உடம்பு ஒட்டுது. நாம் செய்யுள் பகுதியில் அந்தாதி படித்தோமே, ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் என்று, அந்த மாதிரி.

இதைக் கேட்டதும் நாங்க சும்மா இருப்போமா? தமிழில் தேட ஆரம்பித்தோம். யானையை வைத்து எவ்வளவு யோசித்தும் வரவே இல்லை. முதலில் கிடைத்தது கொக்கும் குரங்கும் சேர்ந்த கொக்குரங்கு. மீன் பிடிக்க ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கணும், ஆனால் குரங்குப் பாதிக்கு ஒரு நிமிஷம் சும்மா நிற்க முடியாது. அது பட்டினிதான் கிடக்கும் என்று முடிவு செய்தோம். அடுத்து பாம்பும் புறாவும் சேர்ந்த பாம்புறா. அதுக்குத் தன்னைப் பார்த்துத் தனக்கே பயம். எல்லாவற்றிலும் நல்லது எருமையும் மைனாவும் சேர்ந்த எருமைனா. மைனாவுக்கு எருமை முதுகில் உட்காரணும்னு ஆசை. ஆனால் எந்த எருமை முதுகில் உட்காரும்? அதுவே பாதி எருமையாச்சே! இதைச் சொன்னது எங்களில் அதிகம் பேசாத ஒருத்தி. அவளைப் பற்றியும் கடைசியில் சொல்கிறேன்.

சுகுமாரின் யானைத் திமிங்கிலத்துக்கும் இதே கஷ்டம்தான். பாதிக்குத் தண்ணீர் வேணும், பாதிக்குக் காடு வேணும். நம்ம சாப்பாட்டு நேரச் சண்டையை அவர் நூறு வருஷத்துக்கு முன்பே போட்டு வைத்துவிட்டார்.

இன்னும் நிறைய மிருகங்கள் உண்டு. ஹ ஜ ப ர ல என்ற கதையில் கைக்குட்டை ஒன்று திடீரென்று பூனையாகிவிடும். ஒரு காக்கா சிலேட்டும் குச்சியும் வைத்துக்கொண்டு கணக்குப் போடும். ஒரு ஆடு தன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. பட்டம் போட்டுக்கொண்டு பிரசங்கம் செய்யும். ஆடு மே என்று கத்துவது வங்காளிக் காதுக்கு ப்யா என்று கேட்குமாம், அதுதான் பி.ஏ.! இன்னொரு கதையில் காட்டுக்குப் போகும் ஒரு வேட்டைக்காரர் புதுப்புது விலங்குகளைக் கண்டுபிடித்து, விஞ்ஞானிகள் வைப்பது மாதிரி நீளமாகப் பெயர் வைப்பார். எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும் விலங்குக்குச் சில்லானோசாரஸ். சில்லானோ என்றால் கத்துவது. எங்க வகுப்பில் இந்த விலங்கு நாலைந்து உண்டு.

சிரிக்கவே கூடாது என்று இருக்கும் ஒரு வகைக் குஞ்சுகளைப் பற்றியும் பாட்டு எழுதியிருக்கிறார். அதுகளுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று எப்போதும் பயம். தூக்கம்கூட வராது. அந்தப் படத்தைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு, ஆனால் கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

திங்கட்கிழமை நண்பர்கள்

பெரியவரான பின்னும் சுகுமார் நண்பர்களை விடவில்லை. திங்கட்கிழமை தோறும் கூடிப் பேச மண்டே கிளப் என்று ஒன்று வைத்தார். கூட்டத்தில் தீனி பலமாக இருக்கும். அதனால் அதை மண்டா கிளப் என்று கேலி செய்வார்களாம். மண்டா என்பது ஒரு இனிப்பு. அதில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உண்டாக்கியவர். சுனிதி குமார் சட்டர்ஜி பெரிய மொழி அறிஞர். இப்பேர்ப்பட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பாட்டு, இலக்கியம், உலக விஷயம் எல்லாம் பேசுவார்கள், கூடவே சிரிப்பார்கள். கூட்டத்துக்கான அழைப்பிதழைக்கூட சுகுமார் வேடிக்கைப் பாட்டாக எழுதித் தன் அச்சகத்திலேயே அடித்து அனுப்புவார்.

நோயும் கடைசிப் புத்தகமும்

1921 மே 2-ஆம் தேதி மகன் சத்யஜித் பிறந்தான். அந்த வருஷமே சுகுமாருக்குக் காலா ஆசார் என்ற காய்ச்சல் வந்தது. கருங்காய்ச்சல் என்று அர்த்தம். மணல் ஈ என்ற சின்னப் பூச்சி கடிப்பதால் பரவும். விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், மண்ணீரல் வீங்கும், உடம்பு இளைத்துக்கொண்டே போகும். அந்தக் காலத்தில் இந்தக் காய்ச்சல் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இதுதான். அதே கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற டாக்டர் 1920-லேயே இந்த நோய்க்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது இன்னும் பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. பிறகு அந்த மருந்தால் லட்சக்கணக்கான பேர் பிழைத்தார்கள். சுகுமாருக்கு மட்டும் நேரம் போதவில்லை.

இரண்டரை வருஷம் நோயோடு இருந்தார். அந்தச் சமயத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? சோகமாக எழுதவில்லை. படுக்கையில் இருந்தபடியே சந்தேஷ் இதழுக்குக் கதை எழுதினார், படம் போட்டார். தன் வேடிக்கைப் பாட்டுகளை எல்லாம் சேர்த்து ஆபோல் தாபோல் என்ற புத்தகத்தைத் தயார் செய்தார். உளறல் என்று சொல்லலாம். எந்தப் பக்கத்தில் எந்தப் படம், அட்டை எப்படி என்று ஒரு மாதிரிப் பிரதியே செய்து வைத்தார். நாங்க மரத்தடியில் பார்த்த புத்தகம் அதுதான். கடைசி நாட்களில் தாகூர் வந்து படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார்.

1923 செப்டம்பர் 10-ஆம் தேதி சுகுமார் ராய் இறந்தார். வயது 35. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19-ஆம் தேதி, ஆபோல் தாபோல் அச்சாகி வெளிவந்தது. அச்சான புத்தகத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு

சில வருஷங்களில் அச்சகம் கையை விட்டுப் போனது. சுப்ரபா அம்மா பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போய் மகனை வளர்த்தார். அந்த மகன் 1955-ல் பதேர் பாஞ்சாலி என்ற படம் எடுத்து உலகப் புகழ் பெற்றார். நின்று போயிருந்த சந்தேஷ் இதழை 1961-ல் மறுபடி தொடங்கினார். அப்பாவைப் பற்றி 1987-ல் ஒரு குறும்படமும் எடுத்தார். அப்பா இறந்தபோது அவருக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. அப்பாவை அவர் தெரிந்துகொண்டது பெரும்பாலும் இந்தப் படங்களில் இருந்துதான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அச்சகம் இருந்த கார்பார் ரோடு வீடு பிறகு ஒரு பள்ளிக்கூடம் ஆனது. இதைப் படித்ததும் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

நான் சொல்ல வேண்டியது

கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஜூலை மாதம் நான் ஒரு படம் வரைந்தேன். என் வகுப்பில் உயரமான ஒருத்தி எனக்கு முன் பெஞ்சில் உட்காருவாள். போர்டு மறைக்குது என்று எனக்குக் கோபம். ரஃப் நோட்டில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வரைந்து அவளுடைய இரட்டைச் சடையும் ரிப்பனும் போட்டேன். அந்தத் தாள் பெஞ்ச் பெஞ்சாகப் போனது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளில் இருந்து கழுத்தைக் குனிந்து, முதுகைக் கூன் போட்டு உட்கார ஆரம்பித்தாள். எனக்குப் போர்டு நன்றாகத் தெரிந்தது. அதற்கு அப்புறம் போர்டைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சுகுமார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கோபம் வந்தது. அவர்கள் கோபம் போவதற்காகச் சிரித்தார்கள். நான் என் கோபத்தை ஊரெல்லாம் கொடுத்து அனுப்பினேன். அவருடைய யானைத் திமிங்கிலத்தைப் பார்த்து எந்த யானையும் அழவில்லை. என் படத்தைப் பார்த்து ஒருத்தி கூனிப் போனாள். இரண்டும் மிருகப் படம்தான், ஆனால் வேறு வேறு.

போன வாரம் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இதை இங்கே எழுதலாமா என்றும் கேட்டேன். பேர் போடாமல் எழுது என்று சொன்னாள். எருமைனாவைக் கண்டுபிடித்தது அவள்தான். கீழே உள்ள எருமைனா, கொக்குரங்கு, பாம்புறா மூன்று படத்தையும் வரைந்தவளும் அவளே. சார்ட்டின் மேல் பகுதியை ஸ்டூல் இல்லாமல் ஒட்டியதும் அவள்தான்!

படங்களுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறோம். உங்களுக்குத் தோன்றும் ஒட்டு மிருகங்களைப் பென்சிலால் எழுதுங்கள். முதல் பெயரின் கடைசி எழுத்தும் அடுத்த பெயரின் முதல் எழுத்தும் ஒன்றாக இருக்கணும். மனுஷர் பேர் யாரும் எழுதக் கூடாது. இந்த இரண்டு விதிதான். யானையை ஒட்டிக் காட்டுபவருக்கு எங்க ஐந்து பேர் சார்பில் ஒரு பேனா பரிசு.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி